பிறந்த இடம் என்ற வரி

அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் உங்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்க மாட்டார்களா? எனக்குத் தெரியாது. உங்கள் அடையாள அட்டையிலும் அதே ஊர்தான் இருந்தது.

இன்று நாம் எழுதிய பழைய கடிதப் புரோகிராமைப் புதிய சேர்வருக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தேன். திரையில் வந்த கடிதத்தில் உங்கள் பெயர். பரிசோதனைக்கு எப்போதும் உங்கள் சொந்த விபரங்களையே கொடுப்பீர்கள் என்பதை மறந்திருந்தேன்.

கட்டுகஸ்தோட்டையில், பாலத்தைப் பார்த்திருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் நமக்குள் ஓர் உடன்பாடு இருந்தது. ஊழியரின் பெயர், பதவி, ஊர் எல்லாவற்றையும் வைத்திருக்கும் ஜாவா ஒப்ஜெக்ட் உங்களுடையது. அவற்றை எடுத்து இடைவெளிகளில் நிரப்பி ‘இவர் எங்கள் ஊழியர்’ என்ற கடிதமாக்கும் டெம்ப்ளேட் என்னுடையது. ஒருவர் எழுதியதில் மற்றவர் கைவைப்பதில்லை. சண்டைக் காலம்; வடக்கில் பிறந்தவர் என்றாலே சந்தேகப்பட்டார்கள். கொழும்புக்குப் போகிறவர்கள் சோதனைச் சாவடியில் காட்ட அந்தக் கடிதத்தைத்தான் கொண்டுபோனார்கள்.

கடைசி நாளுக்கு முதல் நாள் மாலை என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றீர்கள்.

“நாளைக்குக் கொழும்புக்கு வெளிக்கிடுறன். பிறந்த இடத்தை ஒருக்கா எடுத்துவிடுமன்.”

“ஒருத்தருக்காக டெம்ப்ளேட்ட மாத்த முடியாதுங்க. வேணும்னா உங்க ஒப்ஜெக்ட்ல ஊர அழிச்சிருங்க.”

“என்ர ஊரை நானே அழிக்கிறதோ? அது உள்ளுக்குக் கிடக்கட்டும். நீர் காட்டாமல் விட்டாச் சரி.”

“எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வரணும்.”

“உம்மட டெம்ப்ளேட் பொலிசை விடக் கறார்” என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்த வரியோடு அச்சாகி வந்த கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தியோடு நான் வீட்டுக்குப் போனேன்.

நீங்கள் போன அன்று பின்னேரம், அலுவலகத்துக்குக் கீழே கடை வைத்திருந்த மடவளை நானா படியேறி வந்தார். பஸ்ஸில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர். “சாவடியில கடிதத்த வாசிச்சவன் ஒரு இடத்துல விரல வெச்சான் தங்கச்சி. பொறகுதான் எறக்கினாங்க. எந்த வரியெண்டு எனக்குத் தெரியா.” அதன் பிறகு உங்களைக் கண்டவர் எவருமில்லை.

இன்றும் ஓர் ஊரின் பெயரைத் திரையில் வரவைக்கும்போது என் கை சற்று நிற்கிறது.

நானா வந்துபோன மறுநாள் நடந்தது இதுதான். காலையில் உங்கள் கதிரை வெறுமையாக இருந்தது. கொழும்புக்குப் போக இன்னும் இரண்டு பேர் கடிதம் கேட்டு வந்தார்கள். ஒருவர் உங்கள் ஊர்க்காரர். டெம்ப்ளேட்டைத் திறந்து அந்த வரியை அழித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் ஒப்ஜெக்டில் உங்கள் ஊர் அப்படியே கிடந்தது. போன இருவரும் அன்றே பத்திரமாகத் திரும்பி வந்தார்கள்.