கழுத்தில் விழுந்த வெளிச்சம்

என் அருமை மகளுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். இங்கே நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், உன் சித்தி அவளால் முடிந்த அளவுக்கு இருக்கிறாள், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் நடுவில் கதை கட்டிவிடுவேனாம், எழுதினால்தான் சித்தி படித்துப் பார்த்துப் பொய்யை அடிக்க முடியுமாம். ஆகவே எங்காவது மை பூசியிருந்தால் அது அவள் வேலை.

சித்தியின் மார்புக் கட்டி வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று போன மாதம் ஸ்கேன் எடுத்ததும், கழுத்தில் வெளிச்சமாக ஏதோ தெரிந்ததும் உனக்குத் தெரியும். மெஷின் நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டது, அதில் இருப்பது ஸ்கேன் மெஷினுக்காக நீ அங்கே செய்கிற அதே ரக டிடெக்டர்தான் என்று உன்னிடம் நான்தான் அளந்தேன். எந்த ரகம் என்று எனக்கு என்ன தெரியும். மெஷின் மேல் தப்பே இல்லையம்மா, தப்பு என் வாயில்.

மருந்து ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும், பேசினால் தொண்டைச் சதை வேலை செய்யும், மருந்து அங்கே போய்ச் சேர்ந்து படத்தில் கட்டி மாதிரி வெளிச்சமாகத் தெரியும் என்று முதலிலேயே சொன்னார்கள், துணைக்கும் ஆள் கூடாது என்றார்கள். நான் விடுவேனா. இந்த மெஷினுக்கு மூளை வைத்ததே எங்கள் வீட்டுப் பெண், அவளுக்கு நேரத்தைப் பற்றிப் பாடம் எடுத்ததே பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்த நான்தான் என்று ஸ்கேன்காரரிடம் ஒரு போடு போட்டேன். அவரும் “பத்து நிமிஷம் சார், பேசக் கூடாது” என்று உள்ளே விட்டார். போய் உட்கார்ந்ததும் உன் வேலையைச் சித்திக்கு விளக்க ஆரம்பித்தேன். உடம்புக்குள் மருந்து சேர்ந்த புள்ளியிலிருந்து ஒரே நொடியில் இரண்டு கதிர், இரண்டு வண்டி மாதிரி, எதிரெதிரே கிளம்புகிறது, எந்த முனைக்கு எது எவ்வளவு முந்தி வந்தது என்று பார்த்தால் கிளம்பிய இடம் தெரிந்துவிடும், ஒரு நொடியை நூறு கோடியாக உடைத்து அதில் கால்வாசி வரைக்கும் என் மகள் பிடித்துவிட்டாள், அதற்கும் கீழே போகப் பார்க்கிறாள் என்றேன். “உங்க காலத்துல எந்த வண்டி நேரத்துக்கு வந்துச்சு” என்றாள் சித்தி. அதிலிருந்து ஒரே சிரிப்பு, வாக்குவாதம். ஸ்கேன்காரருக்கு வேறு வேலை வந்துவிட்டது, பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாகிவிட்டது.

படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, “ஊசி போட்டதும் பேசுனீங்களா” என்று கேட்டார். சித்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இல்லைங்க” என்றாள். எனக்காகச் சொன்னாள். ஊர் உலகத்துக்கெல்லாம் வாயளக்கிற நான் அந்த ஒரு இடத்தில் வாயைத் திறக்கவில்லை. அதனால் அவள் கழுத்தில் ஊசியை விட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள், அதில் ஒன்றும் இல்லை, வேறு இடத்தில் இன்னொரு தடவை குத்த வேண்டும் என்றார்கள், ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போனது. அங்கே நீயோ உன் டிடெக்டர் மேல் நம்பிக்கை போய் வேலையை நிறுத்தி, எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நேற்று போனில் சொன்னாய். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை இரண்டாவது ஊசிக்குக் கூப்பிட்டபோது டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை, “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பெரியவரே” என்றார், ஊசியை நிறுத்தி வியாழக்கிழமை மறுபடி ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சித்தி, “அந்தப் பொண்ணுக்கும் உண்மையச் சொல்லுங்க” என்றாள். அந்த மூன்று வாரத்தில் கட்டி எவ்வளவு வளர்ந்ததோ, அதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

நீ உன் வேலையைத் திரும்ப ஆரம்பி. உன் கணக்கில் பிசகில்லை. நீ நூறு வருஷம் நல்லா இரு, உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வியாழன் காலை இங்கே பத்திலிருந்து பதினொன்று வரை சித்திக்குப் போன் செய்யாதே. நான் வெளிக் கேட்டில்தான் நிற்பேன், ஆனால் உன் பேர் போனில் தெரிந்தால் அவள் எடுத்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா