மூச்சுவிட வழியில்லாத டப்பா

டெஸ்மண்ட்,

அடுப்புக்குள் நேற்று ஆட்டுக்கறி அடைத்துச் சுட்ட ரொட்டி இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு. கோபத்தைத் தின்றால் வயிறு நிறையாது.

மதியம் பக்கத்து வீட்டு நார்மன் வருவார். நேற்று நீ நம் மினி காரை முடுக்கியதும், எண்ணெய் அளக்கும் கம்பி துள்ளி வெளியே வந்து, அவருடைய வெள்ளை ஸ்வெட்டரெல்லாம் எண்ணெய் அடித்ததே, அந்த ஸ்வெட்டரை வாங்கிப்போகத்தான். துவைத்துவிட்டேன், கறை போகவில்லை. மன்னிப்பை நீயே கேள்.

"இன்ஜின் செத்துப்போச்சு ஹேசல், மலைரோட்டு ரேஸ மறந்துடு" என்று சொல்லிவிட்டு இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டாய். இன்ஜின் சாகவில்லை, மகாராசா. அது கக்கும் புகையும் எண்ணெயும் போய்ச் சேர, பளபளவென்று ஒரு டப்பா மாட்டினாயே, அதன் மூடியில் காற்று வெளியேற ஓட்டை போடவே இல்லை. உள்ளே அடைபட்ட காற்றுதான் அந்தக் கம்பியை வெளியே தள்ளியது. வாயையும் மூக்கையும் பொத்தினால் யார்தான் திமிற மாட்டார்கள்?

காலையில் நானே மூடியில் துளை போட்டு, சின்ன வடிகட்டி ஒன்றை மாட்டி, வெகுநேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. பந்தயத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

நார்மனிடம் "இன்ஜின் பழசு" என்று கதை விடாதே. உண்மையை அவரிடம் நான் சொல்லியாயிற்று.

ஹேசல்

பி.கு.: நீ போட்ட குழாய்கள் நேர்த்தி. ஒன்றையும் தொடவில்லை. என் முறை சாயங்காலம்தான். கோபம் தீராவிட்டால் கோபத்தோடேயே பஸ் ஏறி வா. ஓரத்தில் நின்று நீ முணுமுணுக்காவிட்டால் எனக்கு வண்டி ஓட்டியது போலவே இருக்காது.