ஜப்பான்காரப் பெடியனின் முழங்கால்

இன்று காலை மங்கரே கார்கோ கிடங்கில் என் முன்னால் வந்து நின்ற பெட்டியில் அந்த ஜப்பான்காரப் பெடியனின் பெயர் இருந்தது. ஜப்பானில் இருந்து வந்தது. பச்சைத் தேயிலையும் புதுக் கடதாசியும் கலந்த அதே வாசம். பல மாதங்களுக்குப் பிறகு அவனுக்கு வந்த முதல் பெட்டி. பழக்கதோஷத்தில் "மச்சான், இஞ்ச பார்" என்று திரும்பினேன். உன் இடத்தில் நின்ற சமோவாக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இந்த ஊர் கிளப்புக்குப் பந்து விளையாட வந்தபோது அவனுக்கு இருபத்தொரு வயது. முதல் சீசனிலேயே கோல் கோலாக அடித்தான். ஜப்பானில் இருந்து ரசிகைகள் அனுப்பிய கடிதம், இனிப்பு, பின்னிய தொப்பி எல்லாம் எங்கள் கை பட்டுத்தான் கிளப்புக்குப் போயின. பேப்பரில் எழுதுவதை நீ நம்பமாட்டாய். "பெட்டியை எண்ணு மச்சான், அதுதான் ஸ்கோர்" என்பாய். ஒரு கிழமை பதினாலு பெட்டி வந்தது. உன் தம்பிக்குக் கலியாணம் சரிவந்தது மாதிரி எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாய்.

பிறகு அவனுடைய இடது முழங்கால் போனது. அதே குளிர்காலத்தில், பாரம் இழுக்கும்போது உன் முதுகும் போனது. வேலைக்கு வரமுடியாமல் மனுரேவாவில் உன் வாடகை அறையில் படுத்தாய். உன் மனைவிக்கு விசா வரவில்லை, அவள் யாழ்ப்பாணத்திலேயே இருந்தாள். ஞாயிறுகளில் கோழிக்கறியோடு நான் வருவேன். வந்து என்ன கதைத்தேன்? அவனுக்கு எந்த நரம்பு அறுந்தது, எப்போது ஒப்பரேஷன், பெட்டி எட்டாகி மூன்றாகி இல்லாமலே போன கதை. நீ சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாய்.

ஒருநாள் மட்டும் கேட்டாய். "விளையாடாட்டி ஒருத்தரும் தேடமாட்டினமோ மச்சான்?"

நீ அவனைப் பற்றித்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன். ஜப்பான் சனம் அப்படித்தான், புது ஆள் வந்தால் பழையவனை மறந்துவிடும் என்று விளக்கம் வேறு சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடிக்கவேண்டும் போலிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த இரண்டு ஞாயிறும் ஓவர்டைம் என்று சொல்லி வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை உன் பக்கத்து அறைக்காரர் போன் எடுத்தார், நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாயாம். ஓடி வந்தபோது ஆஸ்பத்திரியில் நீ கண் திறக்கவில்லை. இளம் டொக்டர் பிள்ளை தன்மையாகத்தான் கேட்டாள். நெஞ்சு நோ எப்போதிருந்து, என்ன மருந்து எடுத்தவர், முன்பும் இப்படி வந்ததா என்று. எனக்கு ஒன்றுமே தெரியவில்லையடா. மத்தியானத்துக்குள் நீ போய்விட்டாய்.

பெடியன் முழங்கால் சரியாகி வருகிற சனிக்கிழமை திரும்ப மைதானத்தில் இறங்குகிறானாம். வேலையில் எல்லோரும் போகிறார்கள். எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துவிட்டார்கள். என்னால் முடியாது.

உன் மனைவி கிழமைக்கு ஒருதரம் போன் எடுக்கிறாள். வேறொன்றும் கேட்பதில்லை. "கடைசியா உங்களிட்ட எங்க நோகுது எண்டு சொன்னவர், அண்ணா?" என்று மட்டும்தான் கேட்கிறாள். நீ சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் வைத்துவிடுகிறேன். அது பொய்யில்லை. ஆனால் நான் கேட்கவேயில்லை என்று அவளிடம் எப்படியடா சொல்வேன்?