இலை பறிக்காத வரிசை

அன்பு மகள் உனைசிக்கு,

அப்பா எழுதுகிறேன். அந்தக் குளிர் ஊரில் நீ சுகமாக, வேளைக்குச் சாப்பிட்டு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய்க்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நம் தீவில் அம்மாவும் நானும் கடவுள் வைத்தபடி இருக்கிறோம். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்கிறாள், நீ மூச்சுவிடுவதுகூட அவளுக்குக் கேட்க வேண்டும். உன் மாமா செக்கோவேயின் மகன் விடுப்பு முடிந்து நீ இருக்கிற நாட்டுப் பட்டாளத்துக்கே திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் உன் அப்பனின் மானம் போன கதையைக் கேள். போன மாதம் சர்ச்சில் முதல் விளைச்சல் காணிக்கை. ஊரே சேம்பைச் சுமந்துகொண்டு வந்தது, ஒவ்வொரு கிழங்கும் கைக்குழந்தையின் தலை அளவு. நானும் வெள்ளைச் சட்டை போட்டு, முடிக்கு எண்ணெய் வைத்து, கூடையைத் தென்னோலையால் மூடிக்கொண்டு போனேன். ஓலையை எடுத்ததும் உன் மாமா எட்டிப் பார்த்தான். மச்சான், இது கிழங்கா, வாத்து போட்ட முட்டையா, சீக்கிரம் கடவுள்கிட்ட குடுத்துடு, வெயில்ல குஞ்சு பொரிச்சிடப் போவுதுன்னு ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான். போதகர் ஜெபத்தின் நடுவில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார், பாவம். மச்சான் கேலி செய்தால் கோபப்படக் கூடாதே, அதனால் உன் கிழங்கு பெருசாத்தான் இருக்கு, உன் மூளைதான்டா இந்த சைஸ்னு நானும் திருப்பிக் கொடுத்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் காது சுட்டது.

கிழங்கு சிறுத்ததற்குக் காரணம் உனக்குத் தெரியும், இந்த மண்ணில் வளர்ந்தவள் நீ. செடியில் இலையை விட்டால்தான் அடியில் கிழங்கு பிடிக்கும். பேலே கீரைச் செடியையெல்லாம் புயல் கொண்டுபோன பிறகு அம்மாவுக்கு நான் தினமும் சேம்பிலைதான் பறித்தேன். முதல் நாள் நான் சமைத்தது சரியாக வேகாமல் இரண்டு பேருக்கும் தொண்டை அரித்து, வாயைத் திறந்தபடி நாய் மாதிரி உட்கார்ந்திருந்தோம். பிறகு பழகிவிட்டது. சர்க்கரைப் புண்ணால் அம்மாவின் கால்விரலை எடுத்தபோதே நர்ஸ் அசேனதா சொன்னதுதான் எல்லாம். தட்டில் பாதி கீரை, கிழங்கு ஒரு கைப்பிடி அளவு, மிச்ச இடத்தில் மீன். மைதா, நூடுல்ஸ், சர்க்கரை எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. அம்மா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, சரிம்மா, அப்ப சாப்பாடு எப்பப் போடுவன்னு கேட்டாள். நம் ஆட்களுக்குக் கிழங்குதானே மெய்யான சாப்பாடு, கீரை அதற்குத் தொட்டுக்கொள்ள. பொண்டாட்டி தட்டில் கீரை மேலே தெரிந்தால் புருஷன் தோட்டத்துக்குப் போய்த் தூங்குகிறான் என்றுதான் ஊர் பேசும். அதனால் யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே போதும், என் மானத்தைக் காப்பாற்ற அம்மா பெரிய கிழங்காக எடுத்துத் தட்டில் வைத்துக்கொள்வாள். வைத்ததைத் தின்றும் விடுவாள். வந்தவர்கள் முன்னால் நான் எப்படிப் பிடுங்குவது. அதற்கு மேல், நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு வர நம் சனத்துக்குத் தெரியாது. அவள் பக்கத்துச் சொந்தமெல்லாம் கூடை கூடையாக அவித்த கிழங்கைக் கொண்டுவந்து, அவள் வாயில் வைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனார்கள். உடம்பு மோசமாக ஆக ஆக வீட்டில் கிழங்கு கூடிக்கொண்டே போனது. புண் ஆறவில்லை, பாதத்தையும் எடுத்தார்கள், அது உனக்குத் தெரிந்ததுதான்.

காணிக்கைக்கு மறுநாள் மாமா வந்தான். என் கிழங்கு ஏன் அப்படியானது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தன் தோட்டத்தில் பறித்த இலை ஒரு பெரிய கட்டு, தோளில் இருந்து இறக்கி அடுப்படியில் போட்டான். அடுத்த வருசம் நானும் முட்டைதான் போடுவேன் மச்சான், ரெண்டு பேரும் கோழிப்பண்ணை வச்சிக்கலாம்னு சொல்லிவிட்டு, தங்கச்சி முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

அந்த இலை அவள் வாய்க்குப் போகவில்லை. அந்த வாரமே ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் தாங்காது, கிழங்கோடு கீரையும் இனி வேண்டாம், ஆசைக்கு இரண்டு வாய் என்றால் அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடு என்று அசேனதா சொன்னாள். கிழங்கும் கூடாது, கீரையும் கூடாது, அப்ப தட்டுல என்னத்தம்மா வைக்கிறது, தட்டையே கடிச்சுத் திங்கிறதான்னு கேட்டேன். எப்போதும் என் பேச்சுக்குச் சிரிக்கிற பெண், அன்றைக்குச் சிரிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டரைப் பார்த்தோம். பெருநகரத்துக்குக் கூட்டிப்போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டேன். அம்மாவின் இதயம் அதற்குத் தாங்காது என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, இனிமே உங்களுக்கு எது பிடிக்குதோ அதச் சாப்பிடுங்கம்மா, ஒரு கட்டுப்பாடும் வேண்டாம்னு சொன்னார். அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. டாக்டரே விடுதலை குடுத்துட்டாரு, இனி இந்தாளு ஒண்ணும் பேச முடியாதுன்னு பஸ்ஸில் ஏறின ஒவ்வொருவரிடமும் சொன்னாள். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்து வாழ்த்துச் சொன்னான். நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி வந்தேன்.

அன்றைக்கே குழியடுப்பு மூட்டச் சொன்னாள். மாமா கொடுத்த பெரிய கிழங்கு ஒன்றை முழுசாகச் சுட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி முன்னால் வைத்தேன். இரண்டு விள்ளல் தின்றாள். போதும், நீங்க தின்னுங்க உனைசி அப்பான்னு தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் ஒரு துண்டு விடாமல் தின்று முடித்தேன், உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் தெரியாது.

மறுநாள் காலையில் அவளுக்கு ஒரு புது எண்ணம். பாயில் படுத்தபடியே பார்க்கிற மாதிரி, அடுப்படி வாசலுக்கு நேரே ஒரு வரிசை சேம்பு நடச் சொன்னாள். இந்த வரிசையில ஒரு இலைய கிள்ளினீங்கன்னா கைய ஒடிச்சிருவேன், கிறிஸ்துமஸுக்கு எம்பொண்ணு வர்றப்ப கிழங்குன்னா என்னன்னு அவ பாக்கட்டும், எங்கண்ணனும் பாக்கட்டும்னு மிரட்டினாள். நட்டுவிட்டேன், முற்ற எட்டொன்பது மாதம் ஆகும். இப்போது முதல் இலை சுருள் பிரிகிறது. விடிந்ததும் அதைத்தான் பார்க்கிறாள், கோழி அந்தப் பக்கம் போனால் படுத்த இடத்திலிருந்தே என்னைத் திட்டுகிறாள்.

நீ அங்கே ரொட்டியும் உருளைக்கிழங்குமாக வயிற்றை நிரப்பாதே மகளே. அம்மா உடம்புதான் உனக்கும். உன் கைப்பிடி அளவுக்குக் கிழங்கு போதும், பச்சையாக ஏதாவது கீரை தட்டில் பாதிக்கு இருக்கட்டும், பேர் தெரியாத கீரையானாலும் பரவாயில்லை. எட்டாவதோடு நின்றவன் சொல்கிறான் என்று தள்ளிவிடாதே. வேலையில் நீ பார்த்துக்கொள்ளும் வயசானவர்களிடம் பொறுமையாக இரு, அவர்களும் யாரோ ஒருவருக்கு அம்மா அப்பாதான். கடவுள் உன் போக்கிலும் வரத்திலும் கூட இருப்பார், காலையிலும் சாயங்காலமும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறோம். இந்தக் கடிதம் வந்ததாகப் போனில் மூச்சுவிடாதே, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் அப்பா,
இலாய்த்தியா

போன ஞாயிறு, லீவு எப்போது கேட்கட்டும் என்று நீ கேட்டாய். கிறிஸ்துமஸுக்கு என்று அம்மா முந்திக்கொண்டாள். அப்பா நீங்க சொல்லுங்க என்றாய். கிறிஸ்துமஸுக்கே வா, அப்பத்தான் கிழங்கு முத்தியிருக்கும் என்று நானும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் வாய்விட்டுச் சொல்லாமல் விட்டது இதுதான்: அந்த வரிசை முற்றும்வரை காத்திருக்காதே மகளே.