கழுவி வந்த டப்பா

என்னங்க,

வார்டில் டாக்டர் என்னைத்தான் திட்டினார். "ஏம்மா, பிரஷர் ஏறி கிட்னியவே கெடுத்திருக்கு. உப்பைக் குறைக்கச் சொன்னேனே, காதுல விழலையா?" நீங்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்கள்.

உங்களுக்காக நானும் இத்தனை வருடம் உப்பில்லாமல்தான் சாப்பிட்டேன். குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷன், மதியச் சாப்பாட்டு டப்பாவை மட்டும் கழுவிக் கொண்டுவருகிறாரே என்று அக்காவிடம் பெருமையடித்தேன்.

நேற்று உங்கள் லீவுக்குச் சொல்ல ஆபீசுக்குப் போனேன். கேன்டீன்காரர் ஓடிவந்து விசாரித்தார். "சார் பாவங்க. வீட்ல சமைக்க ஆளில்லன்னு தினமும் இங்கதான் சாப்பிடுவாரு. உப்பு மட்டும் தூக்கலா வேணும்பாரு. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"பக்கத்து வீடு" என்றேன்.

நான் கட்டிக் கொடுத்ததெல்லாம் எந்தக் குப்பைத்தொட்டிக்குப் போனதோ!

இன்று எனக்கென்று உப்புப் போட்டுச் சமைத்தேன். கைக்கு அளவு மறந்துவிட்டது, ஒரே கரிப்பு. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். உங்களுக்கு வழக்கம்போல உப்பில்லாமல்தான் கட்டியிருக்கிறேன். டப்பாவை இனிமேல் கழுவாமல் அனுப்புங்கள்.

சமைக்க ஆளில்லாத வீட்டிலிருந்து,
உங்கள் பக்கத்து வீட்டுக்காரி