முனையில் நட்ட கல்

வளர்பிறை மூன்று

காலையிலிருந்து முழங்கால் குடைகிறது. காற்று இன்னும் தெற்கிலிருந்துதான். ஆற்று முகத்தில் மணல் திட்டு இடது பக்கமாக நகர்ந்திருக்கிறது என்று மகன் சொன்னான். கப்பல்களுக்கு முன்னே படகில் போய், மணலில் தட்டாமல் அவற்றை உள்ளே கூட்டி வருவது எங்கள் வேலை. நான் அதை அவனிடம் விட்டுச் சில வருடம் ஆகிறது. ஆனாலும் தினமும் மணல் எங்கே கிடக்கிறது என்று என்னிடம் வந்து சொல்லிவிடுவான். நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்தும் தெரியாது, மறதியும் தெரியாது. மறக்காதவருக்கு எதற்கு ஏடு என்று கேட்டாள். நான் போன பிறகு போன வருடத்து மணலை யாரிடம் கேட்பீர்கள் என்றேன். மையைத் தொட்டுக்கொண்டாள்.

வளர்பிறை ஐந்து

வெளியே ஆழத்தில் அந்நியக் கப்பல் ஒன்று நங்கூரம் போட்டிருக்கிறது. நம் பக்கம் கட்டுகிற கப்பல் இல்லை. வயிற்றோரம் வரிசையாகப் பீரங்கி வாய்கள். தலைவனுக்குச் சிவந்த தாடி. ஊர் அதற்குள் 'செந்தாடி' என்று பெயர் வைத்துவிட்டது.

அவனுடைய தம்பி கரைக்கு வந்து துறைத் தலைவர் வீட்டில் தங்கிச் சரக்குப் பேசுகிறான். இந்தத் துறையின் பழைய வழக்கப்படி, அவர்கள் ஆள் கரையில் இருக்கும்வரை நம் ஆள் ஒருவன் அவர்கள் கப்பலில் பிணையாக இருக்க வேண்டும். செந்தாடி என் மகனைக் கேட்டான். வேறு யாரையும் வேண்டாம் என்றான். மொழி பெயர்க்கும் துபாஷியிடம் என் மகனுக்குத் தெரியாத கடல் இல்லை என்று நேற்று நான்தான் பீற்றிக்கொண்டேன். அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

மருமகள் முகம் சுண்டிவிட்டது. மகன் சிரித்துக்கொண்டே கிளம்பினான். “சும்மா உக்கார வெச்சு சோறு போடுறாங்க. உங்களுக்கு ஏன் பொறாமை?”

வளர்பிறை ஏழு

ஆற்று முகத்து முனையில் ஒரு கல் நட வேண்டும் என்று செந்தாடி அனுமதி கேட்டிருக்கிறான். கப்பலிலேயே செதுக்கிக் கொண்டுவந்த கல். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

எனக்குச் சந்தோஷம். கடலிலிருந்து பார்க்கும்போது இரண்டு அடையாளங்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்ந்து தெரிந்தால் அந்தக் கோட்டில் கண்ணை மூடிக்கொண்டு வரலாம். நமக்குக் காவல் கோபுரம் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாவதற்கு எத்தனை வருடமாக நான் தலைவர்களின் காலைப் பிடித்திருப்பேன்? தாராளமாக நடட்டும் என்றேன். இடத்தையும் நானே காட்டினேன். கைத்தடியால் தரையில் குத்தி, இங்கே என்றேன்.

மருமகளின் அப்பா, கயிறு திரிக்கும் என் சம்பந்தி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். “யாரோ வந்து நம்ம வீட்டுச் சுவத்துல ஆணி அடிச்சா, சட்டை மாட்ட வசதின்னு சொல்லுவீங்களா சம்பந்தி?” கயிறு திரிக்கிறவருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று நானும் விடவில்லை.

வளர்பிறை எட்டு

கல் நின்றுவிட்டது. கப்பல்காரர்கள் எல்லாரும் மண்டியிட்டார்கள். கப்பலிலிருந்து பீரங்கி முழங்கியது. ஒரு அடையாளக் கல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன். உறுதியான கல். முகப்பில் நிறைய எழுத்து. என் விரலுக்கு அது வெறும் பள்ளம்.

வளர்பிறை ஒன்பது

துபாஷி வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. கல்லில் இருப்பதைப் படித்துவிட்டானாம். இந்தக் கரையும் இதன் பின்னால் உள்ள நிலமும் செந்தாடியின் நாட்டு அரசருடையவை — இதுதான் எழுதியிருக்கிறது.

“மாமா, இதையும் எழுதவா?” என்றாள் மருமகள்.

எழுது. இடம் காட்டியது யார் என்பதையும் எழுது. எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற இடம். கடலில் எவ்வளவு தூரத்தில் வந்தாலும் தெரியும். அதற்காகத்தானே அதைப் பொறுக்கினேன்.

வளர்பிறை பத்து

ஊர் கொதிக்கிறது. துறைத் தலைவர் செந்தாடியின் தம்பியை அறைக்குள் வைத்துக் காவல் போட்டுவிட்டார். கல்லில் கை வைத்தால் பிணை ஆள் திரும்பி வரமாட்டான் என்று கப்பலிலிருந்து பதில்.

எனக்குப் பயம் கல்லைப் பற்றி இல்லை, காற்றைப் பற்றி. இரண்டு நாளாகத் தெற்கு தளர்கிறது. பௌர்ணமிக்கு வடக்கு பிடித்துவிடும். காற்று திரும்பினால் எந்தக் கப்பலும் காத்திருக்காது. என் மகனோடு பாய் விரித்துவிட்டால் பிறகு யாரைப் போய்க் கேட்பது?

வளர்பிறை பதினொன்று

எழுதவா என்று மருமகளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இது அடுத்த நாள் எழுதியது.

வளர்பிறை பன்னிரண்டு

சம்பந்தி பட்டறையில் கனமான வடம் சுருட்டி வைத்திருக்கிறார். வாசலில் ஆட்கள். கல்லை இழுத்துத் தள்ளப் போகிறார்களாம். ஓடினேன். என் கால் ஓடுகிற ஓட்டம்.

“அந்தக் கப்பல்ல இருக்கிறது உங்க மாப்பிள்ளை” என்றேன்.

“எனக்கு மட்டும் வயிறு எரியலையா? இன்னிக்கு கல்லுன்னு விட்டா அடுத்த தடவை கோட்டைக்கு அஸ்திவாரம் போடுவான். அப்ப யாரோட மகனைப் பிணையா அனுப்புவீங்க?”

அவர் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் கொடுமை. வடத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்று. கடைசியில் அவரே பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கப்பல் கண்ணுக்கு மறையட்டும். அதுவரைக்கும்தான்” என்றார்.

சரி என்றேன். முதல் முடிச்சை நானே போடுவதாக வாக்குக் கொடுத்தேன்.

வளர்பிறை பதிமூன்று

துபாஷியோடு படகில் கப்பலுக்குப் போனேன். மகன் இளைத்திருக்கிறான். கட்டிப்போடவில்லை, ஆனால் பக்கத்திலேயே ஒருவன் நிற்கிறான்.

செந்தாடி கல்லைப் பற்றி இரண்டு வார்த்தைதான் பேசினான். அடுத்த துறைக்குப் போகும் வழியில் உள்ள பாறைக் கூட்டத்தைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருந்தான். எங்கே திரும்புவது, எந்த நீரோட்டம் இழுக்கும். அப்போதுதான் உறைத்தது. அவனுக்குத் தம்பியும் வேண்டும், வழி தெரிந்த ஆளும் வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் பீரங்கி துறையைப் பார்த்துத் திரும்பும். முதல் நாளே என் மகனைக் கேட்டது அதற்குத்தான்.

என் மகன் அந்த வழியில் ஒரே முறைதான் வந்திருக்கிறான், அதுவும் காய்ச்சலில் பாய்க்கடியில் சுருண்டு கிடந்தான் என்றேன். இது உண்மை.

“பொய் சொல்றாரு. எனக்கு எல்லாம் தெரியும்” என்றான் மகன். செந்தாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். “அப்பா, வாயை மூடிக்கிட்டுப் படகுல ஏறு.”

துபாஷி பாவம், யாருடையதை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் விழித்தான். என்னுடையதைச் சொல் என்றேன். இந்தப் பயல் மீன் மாதிரி நீந்துவான், கரை தெரிகிற முதல் நாளே குதித்துவிடுவான். அந்தப் பாறை ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். முழங்கால் போன கிழவன், நான் எங்கே ஓடுவது?

செந்தாடி குனிந்து என் முழங்காலை அழுத்திப் பார்த்தான். வலியில் கத்திவிட்டேன். சிரித்தான். ஒப்புக்கொண்டான்.

நான் படகில் இறங்கும்போது மகன் என் கையைப் பிடித்தான். விடவில்லை. பக்கத்தில் நின்றவன்தான் பிரித்துவிட்டான்.

பௌர்ணமி

வடக்கு பிடித்துவிட்டது. நாளைக் காலை மகன் கரையில் கால் வைத்த பிறகுதான் செந்தாடியின் தம்பி படகு ஏறுவான். அதே படகில் நானும். என் விருப்பத்தில் போவதாகத் துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதை எழுத மாட்டேன் என்று மருமகள் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டாள். “எனக்கு அவரும் வேணும், நீங்களும் வேணும் மாமா. ஒண்ணைக் கொடுத்து ஒண்ணை வாங்குறதுக்கு இது என்ன சந்தையா?”

எழுதும்மா. வழி தெரிந்தவன் திரும்பி வரவும் தெரிந்தவன். அடுத்த தெற்குக் காற்றுக்கு எத்தனையோ வணிகக் கப்பல்கள் இந்தப் பக்கம் வரும். தினமும் தேதியை மட்டும் போட்டு இடம் விட்டு வை. நான் வந்து சொல்கிறேன். முடிச்சுப் போட நான் இருக்கமாட்டேன் என்று உன் அப்பாவிடம் சொல்.

மை சிந்திவிட்டது என்கிறாள். சிந்தட்டும்.

தேய்பிறை ஒன்று

—

தேய்பிறை இரண்டு

—

தேய்பிறை மூன்று

—

தெற்குக் காற்று திரும்பிய மாதம், வளர்பிறை ஆறு

அடுத்த துறையிலிருந்து ஒரு துணி வியாபாரியின் கப்பலில் வந்து சேர்ந்தேன்.

விடிந்து வரும்போது முனையில் அந்தக் கல் நிற்பது தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பந்தி வாய் வீச்சோடு சரி என்று நினைத்தேன். கிட்டே வந்தபோது அது வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கல்லையும் காவல் கோபுரத்தையும் ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கச் சுக்கான்காரனிடம் சொன்னேன். மணல் எங்கும் தட்டவில்லை.

கரையில் முதலில் வந்தது சம்பந்திதான். என் கையைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கே வந்தார். “வடம் அறுந்ததுதான் மிச்சம், கல்லு அசையல. நீங்க பார்த்த இடம் அப்படி. உங்க பையன்தான் சொன்னான், எழுத்தைக் கொத்தி எடுத்துட்டா அது நம்ம கல்லுதானேன்னு.”

மகன் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். திரும்பிப் பார்க்கவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

மருமகள் ஏட்டை விரித்தாள். பக்கம் பக்கமாக வெறும் தேதிகள். ஒரு நாள் விடவில்லை.

“எங்கேர்ந்து மாமா?”

தேய்பிறை ஒன்றிலிருந்து எழுதும்மா. அன்று காலை காற்று வடக்கிலிருந்து. மணல் திட்டு இடது பக்கம்.