பராமரிப்போர் சுமை

12 மார்ச் 2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஃபோனில் பேசினால் பாதியிலேயே "அஃப்ரீன் கூப்பிடுறா" என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் மின்னஞ்சல். எங்கள் பல்கலைக்கழக மின்காப்பகம் நேற்றுத் திறந்தாயிற்று. வீட்டில் முதியோரையும் உடற்குறையுள்ளோரையும் பார்த்துக்கொள்கிறவர்களின் பேட்டிகள் எல்லாம் இனி ஒரே இடத்தில். உதவித் திட்டங்களை ஆராய்கிறவர்கள் இதைத்தான் புரட்டுவார்கள். மச்சான் மவுத்தான பிறகு மகள் அஃப்ரீனை நீங்கள் ஒருத்தியாகவே பார்த்துக்கொள்வது பற்றி என்னிடம் பேசினீர்களே, அதுவும் இருக்கிறது. பெயர் கிடையாது, பயப்படாதீர்கள். தலைப்புகளைத் தமிழில் போட்டது நான்தான், கொஞ்சம் பெருமையடிக்க விடுங்கள். லிங்க் கீழே. அதைத் திறந்து காட்டச் சொல்லி அஃப்ரீனிடம் கேளுங்கள்.

உங்கள் தங்கை,
ஃபஸீலா

20 மார்ச்

ஃபஸீலாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். திறந்து காட்டினாள். பெயர் இல்லாவிட்டால் என்ன, பெற்றவள் பேசுகிற விதம் பிள்ளைக்குத் தெரியாதா?

"எனக்கு முந்தி அவ போயிடணும்னு துஆ கேக்குறேன், எனக்குப் பிறகு அவளை யாரு தூக்குவா?" என்று நான் சொன்னதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது எங்கள் இருவருக்கும் பழைய பேச்சு, சொல்லிச் சிரித்ததுகூட உண்டு. அதற்கு மேலே நீ போட்டிருந்த தலைப்பைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தாள். பராமரிப்போர் சுமை.

அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லையே, எங்கிருந்தடி எடுத்தாய்? அன்றிலிருந்து அவள் என்னைத் தொட விடுவதில்லை. சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி தூங்குகிறாள். அதை எடுத்துவிடு.

ராத்தா

22 மார்ச்

அன்புள்ள ராத்தா,

உங்கள் பேட்டியை உடனே எடுத்துவிட்டேன். ஏற்கெனவே பதிவிறக்கி வைத்திருப்பவர்களிடமிருந்து திரும்ப வாங்க வழியில்லை.

அது ஆய்வில் எல்லாரும் போடுகிற சொல், ராத்தா. நீங்கள் படுகிற பாட்டைத்தான் சொல்கிறது, பிள்ளையை இல்லை. உங்கள் பேட்டியைப் படித்த ஒருவர், தாய்மார்களுக்கு ஓய்வு கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று கட்டுரை எழுதுகிறார். நல்லதுதானே? அடுத்த சனிக்கிழமை நோன்பு திறக்கத் தேக்கா சந்தையில் பிரியாணி வாங்கிக்கொண்டு வருகிறேன். நானே அவளிடம் சொல்கிறேன்.

ஃபஸீலா

5 ஏப்ரல்

ராத்தா,

போன சனிக்கிழமை வந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

ஃபஸீலா

2 மே

ஃபஸீலா,

நீ வந்து விளக்கத் தேவையே இல்லை. "ஃபஸீலா சாச்சி மேல தப்பில்ல உம்மா, அது ரிசர்ச் டெர்ம்லா" என்று அவளே எனக்குப் பாடம் எடுத்தாள். எடுத்துவிட்டு, உடற்குறையுள்ளோர் இல்லத்தில் இடம் கேட்டு விண்ணப்பித்தாள். இருபத்திரண்டு வயதாகிவிட்டது, என் சம்மதம் வேண்டாமாம். இடம் இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. போன வாரம் இந்தக் குவீன்ஸ்டவுன் வீட்டிலிருந்து நானே கொண்டுபோய் விட்டேன்.

சுத்தமான இடம். குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே அவளைத் தூக்க இயந்திரம் இருக்கிறது. எனக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கட்டுரை எழுதுகிறவரிடம் இதையும் சொல், எழுதிக்கொள்ளட்டும்.

இனி நீ வீட்டுக்கு வர வேண்டாம். கோபம் இல்லை. உன்னைப் பார்த்தால் பேச வேண்டியிருக்கும், எனக்கு யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

நேற்று அவளைப் பார்க்கப் போனேன். சிரித்தாள், சாப்பிட்டீர்களா உம்மா என்று விசாரித்தாள். கட்டில் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், தண்ணீர் ஜாடியும் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. தாகம் எடுத்தபோது தாதியைக் கூப்பிட்டாள்.

ஆயிஷா